துரைக்குச்சியில் விழுந்த மீன்

அந்தத் தகரப் பெட்டி என் முன்னால் திறந்து கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். உள்ளே சின்னச் சின்னக் கம்பிக் கவ்விகளில் வரிசையாக இறகுப் பூச்சிகள். சேவலின் கழுத்து மயிரையும் மயில் பீலியையும் பட்டு நூலால் முள்ளில் சுற்றிக் கட்டி, அதை ஈ என்றும் தும்பி என்றும் மீனை நம்ப வைக்கிற ஏற்பாடு. இன்று காலை பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வாலிப வயது. பழைய தூண்டில் சாமான்களைச் சேகரிக்கிறவராம். என் மாமனார் விட்டுப்போன தூண்டில் தடியைக் கண்டதும் கீழே விழுந்து கும்பிடாத குறை. பித்தளைப் பூணைத் தடவினார், ரீலைச் சுற்றிக் கிர்ரென்று சத்தம் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் இந்தப் பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. "ஐயா, இது அத்தனையும் வீணாப் போச்சு. ஒண்ணுலகூட முனை இல்லை. யாரோ வெட்டி வச்சிருக்காங்க" என்றார். "வேறு யார் தம்பி? எங்க மாமியார்தான்" என்றேன். அடுப்படியில் ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது.

பழைய தூண்டிலைப் பார்த்து இந்தக் காலத்தார் உருகும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நான் அதோடு குடித்தனம் நடத்தியவன். தூண்டில் என்றால் என்ன? ஒரு குச்சி, ஒரு நூல், ஒரு முள், ஒரு மண்புழு. காவிரிக் கரையில் பிறந்த எந்தப் பயலும் அதை வைத்து மத்தியானக் குழம்புக்கு நாலு கெண்டை பிடித்துக்கொண்டு போய்விடுவான். இந்தத் தடி அப்படியில்லை. மூங்கிலைப் பட்டை பட்டையாகச் சீவி, ஆறு பட்டைகளை ஒட்டிச் செய்தது. நம் ஊர் வெயிலுக்கு ஒட்டு இளகும், மழைக்கு வார்னிஷ் உரியும். பட்டுக் கயிற்றை ஒவ்வொரு நாளும் ரீலிலிருந்து உருவி நிழலில் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இற்றுப்போகும். உலர்ந்த கயிற்றுக்குக் கொழுப்புத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் மூழ்கும். கயிற்று நுனியில் கட்டுகிற நரம்பை முன்கூட்டியே ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிச்சுப் போடும்போதே ஒடியும். கைக்குழந்தைக்குக்கூட இத்தனை பணிவிடை கிடையாது. அவ்வளவும் செய்துவிட்டு ஆற்றில் போய் நின்றால், மீன் நம்மை ஏறிட்டும் பார்க்காது.

என் மாமனாருக்கு இந்தத் தடி வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. பள்ளிபாளையத்துக்குக் கொஞ்சம் கீழே, காவிரிக் கரையை ஒட்டி அவருக்குத் தோட்டம். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் வண்டி மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புப் பாரம் இழுத்தார். வேலை முடிந்து ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் சீமைக்குத் திரும்பியபோது தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். மகள் கல்யாணத்துக்கு ஒரு கட்டில் எடுத்து வருகிறேன் என்று போன மனிதர் இந்தத் தடியோடும் ரீலோடும் தகரப் பெட்டியோடும் வந்து இறங்கினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று என் மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் அதற்குத் துரைக்குச்சி என்று பெயர். கட்டில் இல்லாமலே எங்கள் கல்யாணமும் நடந்தது.

அந்தத் துரை ஆற்றில் நின்று கயிற்றை முன்னும் பின்னும் வீசியதை மாமனார் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அதுதான் அவர் படித்த படிப்பு. வண்டிக்காரர் கையில் எது கிடைத்தாலும் அது சாட்டைதான். அவர் வீச்சில் பட்டுக் கயிறு தலைக்கு மேல் சடாரென்று சொடுக்கும். அரை பர்லாங்கு தூரத்தில் மேய்கிற மாடுகள் நிமிர்ந்து பார்க்கும். அந்தச் சத்தத்துக்கு மீன் ஈரோட்டுப் பாலத்தையே தாண்டிப் போயிருக்கும். புழு வைத்துப் பாருங்கள் மாமா என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "புழு வெச்சா எவன் வேணும்னாலும் புடிப்பானுங்க மாப்பிளெ. மீனு ஏமாந்து வரோணும். அதுல இருக்குதுங்க சங்கதி" என்பார். ஏமாந்தது யார் என்று அவரைக் கேட்க ஒரு மருமகனுக்கு வாய் வருமா?

கல்யாணமான வருஷம் ஆடி முதல் தேதி விருந்துக்கு அழைத்திருந்தார்கள். ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்துச் செருப்பால் அடி என்று பழமொழியே இருக்கிறது. என் மாமியார் அந்தப் பழிக்கு ஆளாகாதவர். பலகாரம், கறி, புது வேட்டி எல்லாம் முறைப்படி நடந்தன. வந்ததும் வராததுமாகச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாயில் வைத்தால் தொண்டைக்குள் மயிர்போல ஏதோ இறங்குகிறது. பதறி இழுத்தால் முழ நீளத்துக்கு வருகிறது. மாமனார் தூண்டில் நரம்பை அந்தச் சொம்பில்தான் ஊற வைத்திருந்தார். "ஐயோ, நரம்பு அந்து போச்சுங்களா?" என்று கேட்டபடி ஓடி வந்தார். என் தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு முடிந்ததும் என்னை ஆற்றுக்கு அழைத்துப்போய் வீசிக் காட்டினார். முதல் வீச்சிலேயே முள் என் புது வேட்டியில் ஏறி, இழுத்த இழுப்பில் ஒரு சாண் கிழிந்தது. அன்றைக்கு முள்ளில் முனை இருந்தது என்பதற்கு என் வேட்டி சாட்சி.

வீட்டுக்குத் திரும்பினால் விருந்துக்கு வந்த ஒறம்பரைச் சொந்தமெல்லாம் பந்தலில் உட்கார்ந்து சிரிக்கிறது. இத்தனை மாசமாக வீசி ஓர் அயிரை மீனாவது விழுந்ததா, மாப்பிள்ளை வேட்டிதான் விழுந்ததா என்று ஆளுக்கொரு கேலி. மாமனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சபை நடுவில் எழுந்து நின்று, "கேட்டுக்கோங்க எல்லாரும். புழு வெக்காம, இந்தக் குச்சியில ஒரு மீனு உழுந்து, அதைக் கொழம்பு வெச்சு மாப்பிளைக்குப் போட்டுத்தான் என்ற மகளை அனுப்புவேன். ஆத்தா மேல சத்தியம்" என்றார். சிரிப்பு நின்றது. குலதெய்வத்தின் மேல் வைத்த ஆணையை அந்தக் குடும்பத்தில் யாரும் மீறியது கிடையாது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். கேலி செய்தவர்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு வண்டி ஏறிவிட்டார்கள். அகப்பட்டவன் நான்தான்.

புதுப்பெண் ஆடி மாதம் பூராவும் தாய் வீட்டில் இருப்பது வழக்கம். ஆவணி பிறந்ததும் புருஷன் வந்து அழைத்துக்கொண்டு போவான். அயோத்தியாப்பட்டணத்தில் நான் வாத்தியார். ஒரு வீடு வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, அடுப்புக்கூடப் போட்டு வைத்திருந்தேன். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை ஆசை ஆசையாக ரயிலேறி ஈரோட்டில் இறங்கி, பாலத்தைக் கடந்து வந்து சேர்ந்தால், மாமனார் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சொடுக்கிக்கொண்டிருக்கிறார். மீன் விழவில்லை. அன்று சாயங்காலம்தான் அந்த அதிசயம் நடந்தது. பாறைச் சந்தில் தண்ணீர் குபுக்கென்றது. தடி வில்லாக வளைந்தது, ரீல் அலறியது. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன். என் மனைவி அப்போதுதான் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து கரையில் நின்றிருந்தாள். கைக்கெட்டும் தூரம் வந்த மீன் ஒரு துள்ளுத் துள்ளி, நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. "உடுங்க மாப்பிளெ, இன்னைக்கு வந்தது நாளைக்கும் வரும். அடுத்த வாரம் மகளைக் கூட்டிட்டுப் போலாம்" என்றார் மாமனார், முகமெல்லாம் பல்லாக. நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். காப்பிச் செம்பு மட்டும் இருந்தது. அவள் போய்விட்டிருந்தாள்.

அடுத்த வாரம் வந்தேன். மீன் இல்லை. அதற்கடுத்த வாரமும் வந்தேன். மீன் பூச்சியைத் தேடி மேலே வருகிறது, வாயால் கவ்வுகிறது, மாமனார் வெட்டி இழுக்கிறார், வெறும் கயிறு திரும்பி வருகிறது. "தொட்டுச்சுங்க, உட்டுருச்சுங்க" என்பார். ஒரு நாளில்லை, வாராவாரம் இதே தொட்டுச்சு, விட்டுருச்சு. பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார்கள் "என்ன சார், மீன் விழுந்ததா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். வாடகை வீட்டு அடுப்பில் பூனை குட்டி போட்டது. மனைவியைக் கேட்டால், "நா என்னங்க பண்றது? சத்தியமாச்சுங்களே" என்று தலையைக் குனிந்துகொள்வாள். மாமியாரோ என்னைவிட உரக்கப் புலம்புவார். இந்த மனுஷர் பலகாரத்துக்கு வைத்த நெய்யைக் கயிற்றுக்குத் தடவுகிறார், நெய் வாசத்துக்கு எலி வந்து கயிற்றைக் கடிக்கிறது, போதாக்குறைக்கு இந்தப் பாக்குவெட்டிக்கு என்ன கேடு வந்ததோ, வாயெல்லாம் பல்லுப் பல்லாகப் போய் ஒரு கொட்டைப்பாக்கை வெட்ட மாட்டேனென்கிறது என்று ஒரே மூச்சில் கொட்டினார். மாமனார் பாக்குவெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாணை பிடித்து வருகிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிபாளையத்துக்கு நடந்தார். என் பிழைப்பு நாறுகிறது, இவருக்குப் பாக்குவெட்டிதான் பெரிதாகப் போயிற்று என்று அன்றைக்கு நான் பல்லைக் கடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஆவணி முடிகிற சமயம். காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஆற்றுக்குப் போய்விட்டிருந்தார். மாமியார்தான் தகரப் பெட்டியை என் கையில் கொடுத்து, "மறந்துட்டுப் போயிட்டாருங்க மாப்பிளெ, கொண்டு போய்க் குடுத்துருங்க" என்றார். போகிற வழியில், இன்றைக்கு நானே ஒரு நல்ல பூச்சியாகப் பொறுக்கிக் கட்டிவிடலாமே என்று திறந்தேன். முதல் பூச்சியில் முனை இல்லை. பின்னால் வீசும்போது பாறையில் பட்டால் முள் ஒடிவது உண்டு, இந்தத் தடியோடு பழகியவர்களுக்கு அது தெரியும். இரண்டாவதிலும் முனை இல்லை. மூன்றாவது, மாமனார் புதிதாகக் கட்டி இன்னும் தண்ணீரையே பார்க்காதது. அதிலும் இல்லை. பெட்டி முழுக்கப் பார்த்தேன். கல்லில் பட்டு ஒடிந்தால் ஒன்று வளைந்திருக்கும், ஒன்று பிசிறடித்திருக்கும். இவை அத்தனையும் ஒரே மாதிரி, வளைவுக்குக் கீழே நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தன. பாக்குவெட்டி வாயின் பல் எதனால் வந்தது என்று எனக்கு அந்த வரப்பில் நின்றபோதுதான் உறைத்தது. அடிப்பாவி அத்தை, ஊருக்கு முன்னால் புலம்பிக்கொண்டே உள்ளே இந்த வேலையா செய்தீர்கள் என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான் என்று நினைத்தேன். மகளை விட மனசில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!

கரைக்குப் போய், "மாமா, கயித்தை இழுங்க" என்றேன். இழுத்தார். நுனியில் கட்டியிருந்த பூச்சியைப் பிடித்துக் காட்டினேன். "முனை எங்கீங்க?"

"பின்னால பாறையில பட்டிருக்குமுங்க" என்றார்.

"பெட்டிக்குள்ள இருக்கறதும் பாறையில பட்டுச்சுங்களா?"

அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. ஓர் இறகு ஒரு நூல் தள்ளியிருந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிற மனிதர். முள்ளில் முனை இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தெரிந்தேதான் வாராவாரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறார். என்னையும் நிற்க வைத்திருக்கிறார். எனக்கு வாய்க்கு வந்தபடி பேசிவிடலாம் போலிருந்தது. அவர் பாறை மேல் உட்கார்ந்து, கயிற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அங்க ஊட்ல தண்ணி வசதி எப்பிடிங்க மாப்பிளெ?"

"கெணறு இருக்குதுங்க."

"உப்புங்களா?"

"கொஞ்சம் உப்புத்தான்."

"பக்கத்துல ஆறு?"

"ஆறெல்லாம் இல்லீங்க மாமா."

"அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க நல்லவங்களா? நம்ம பேச்சைக் கேட்டுச் சிரிப்பாங்களோ?"

கல்யாணம் பேசும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இப்போது கேட்கிறாரே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. எதிர் வீட்டில் ஒரு கிழவி இருக்கிறாள், நல்லவள், பிள்ளைகள் இல்லாதவள், அடுப்புப் போட்டுக் கொடுத்ததே அவள்தான் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கயிற்றை ரீலில் சுற்றி முடித்தார். பிறகு, "நீங்க ஊட்டுக்குப் போங்க. நா பின்னாலயே வாரனுங்க" என்றார்.

உச்சி வேளைக்கு வந்தார். தடியைத் தோளில் சாய்த்திருந்தார். அதன் நுனியிலிருந்து பட்டுக் கயிற்றில் ஒரு பெரிய கெண்டை தொங்கியது. செதிலில் வலைக்கயிற்றின் கட்டம் கட்டமான தடம் குருடனுக்கும் தெரியும். பரிசல்காரரிடம் வாங்கி, செவுள் வழியாகக் கயிற்றைக் கோத்துக் கட்டியிருந்தார். வாசலில் நின்று, "குச்சியில மீனு உழுந்துருச்சு. கொழம்பு வெய்யி" என்றார். மாமியார் மீனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிவாள்மணையை எடுத்தார். என் மனைவி கதவைப் பிடித்தபடி அந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்த் தகர டிரங்கைத் திறந்து சேலைகளை அடுக்க ஆரம்பித்தாள். கிளம்புகிற சந்தோஷம் என்று நான் நினைத்தேன். மாமியார் குழம்பில் உப்புப் போட மறந்திருந்தார். நான் அப்படியே வழித்துச் சாப்பிட்டேன்.

மாமனார் அதன் பிறகு ஆற்றில் வீசி நான் பார்க்கவில்லை. அவர் காலமானபோது தடியும் பெட்டியும் எனக்கென்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேண்டாவெறுப்பாக எடுத்து வந்தேன். சொரியாத உடம்பைச் சொரிந்து புண்ணாக்கிக்கொண்டதுபோல அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்துக்கொண்டது. புது முள் வாங்கிப் பூச்சி கட்டினேன், வருஷக்கணக்காக விடுமுறை நாளெல்லாம் காவிரியில் நின்றேன், அவரைவிடக் கொஞ்சம் நன்றாகவே வீசினேன். மீனும் விழுந்திருக்கிறது. ஆனால் இந்தப் பெட்டியில் இருந்ததை மட்டும் மாற்றவில்லை. மாமியாரின் பேச்சு வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவதற்குத் தோதாக வைத்திருந்தேன். உங்கம்மா செய்த வேலையைப் பார் என்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சொல்லிக் காட்டாத வருஷமில்லை. அவளும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

பெங்களூர்க்காரர் போன பிறகு அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். இப்போது முழங்கால் வலி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து, "ஏனுங்க, செத்துப்போன எங்கம்மாளை ஊரு பேரு தெரியாதவங்க முன்னாலயெல்லாம் இழுக்கறீங்களே" என்றாள்.

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"அம்மா வெட்டலீங்க. நாந்தேன் வெட்டுனேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே சொன்னாள். மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போன அன்று, அடுத்த வாரம் கூட்டிட்டுப் போலாம் என்று அவள் அப்பா சொன்னது கரையில் காதில் விழுந்திருக்கிறது. நேரே வீட்டுக்குப் போய் அம்மாவின் பாக்குவெட்டியை எடுத்திருக்கிறாள். "எனக்கு உங்களையும் தெரியாது, அந்த ஊரையும் தெரியாது. பயமா இருந்துச்சுங்க" என்றாள். இத்தனை வருஷம் நான் மாமியாரைத் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். கோபம்தான் வரவில்லை.

"உங்கப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாமயா? சாணை புடிச்சுக் கொண்டாந்தவரு பாக்குவெட்டியை அம்மாகிட்டக் குடுக்கலீங்களே. நேரா எங்கிட்ட வந்து, எங் கையில வெச்சு, 'கையி பத்தரம் சாமி'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

பெட்டியிலிருந்து ஒரு பூச்சியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சேவல் இறகு பாதி உதிர்ந்துவிட்டது. அவள் கையில் அது குத்தவில்லை.

"அவ்வளவு பயம் இருந்தா, அப்புறம் எதுக்கு எங்கூடக் கெளம்பி வந்தே?" என்று கேட்டேன்.

அவள் பூச்சியைத் திரும்பக் கவ்வியில் மாட்டிப் பெட்டியை மூடினாள்.

"முள்ளே இல்லாத குச்சியில மீனு உழுந்துருச்சுங்களே. அப்பாவே போயிட்டு வான்னு சொன்ன பொறவு, நா எங்கீங்க நிக்கறது?"